அப்பா தூங்காத ஒரு ஞாயிறு



ஒரு புதன்கிழமை. காலை நிகழ்ச்சி முடிந்து, ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வந்து மைலோ ஆற்றிக் கொண்டிருந்தேன். நிலையத்துக்கு ஓர் அழைப்பு. வழக்கமாக அந்த நேரத்தில் அழைப்பவர்கள் பாட்டு கேட்பார்கள், இல்லையென்றால் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்வார்கள்.

"பாட்டு வேணாங்க்கா. ஒரு யோசனை கேக்கணும்," என்றார் அந்தச் சகோதரி.

ஸ்கூடாய் பக்கம் வீடு. மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஏழு, அடுத்தவனுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு இரண்டு வயது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இரண்டாவது பாலம் வழியாகத் துவாஸ் போய்ச் சேர்வார். திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் கூடுதல் நேர வேலை வந்தால் விடமாட்டார். வீட்டுக் கடன் இருக்கிறதே. அப்படியே வீட்டில் இருந்தாலும் பாதி நாள் தூக்கம்.

"எங்க நடுப்பையன் அப்பாவ வரையச் சொன்னா, கட்டில்ல படுத்திருக்கிற மாதிரி வரைஞ்சிருக்கான்க்கா."

ஒரு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் வந்திருக்கிறது. கணவருக்கு ஒரு ஞாயிறு உறுதியாக விடுமுறை. பிள்ளைகளை லெகோலாண்டுக்குக் கூட்டிப் போகலாமென்று முடிவு. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரே ஒரு நாள்க்கா. வீணாப் போயிறக் கூடாது. எப்படித் திட்டம் போடறது?"

நான் கெலாங் பாத்தாக்காரி. அந்தப் பூங்கா எங்கள் ஊரிலிருந்து காரில் கால்மணி நேரம். ஊர்க்காரி என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எப்படிப் போகக் கூடாது என்பதுதான். அதையே சொன்னேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

அட்டவணை போட்ட அம்மா

எங்கள் மகளுக்கு நான்கு வயதானபோது, முதன்முதலாக ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். தவறு பூங்காவுடையது அல்ல, என்னுடையது. வானொலியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு வைத்துப் பழகியவள் நான். செய்தி, விளம்பரம், பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை. அதேபோல ஒன்றைத் தயாரித்து அச்சடித்து எடுத்துப் போனேன். பத்தரைக்கு இது, பதினொன்றுக்கு அது, பன்னிரண்டே காலுக்குச் சாப்பாடு.

மகள் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தது ஒரு ரயில்வண்டியைப் பற்றி. வரிசையில் நின்று, வாசலுக்குப் போனபோது உயரம் பார்த்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைவு. பணியாளர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அழுத அழுகை அங்கே ஆரம்பித்து மதியம் வரை ஓயவில்லை. என் அட்டவணை சிதைந்தது. அந்த எரிச்சலை வீட்டுக்காரர் மேல் காட்டினேன். அவர் வாய் திறக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அன்று எடுத்த படங்களில் எல்லாரும் சிரித்துக் கொண்டிருக்கிறோம். அதைப் பார்த்தவர்கள், "குடுத்து வெச்சவங்க" என்று எழுதினார்கள்.

ஆகவே முதல் யோசனை: உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போதும். நான்கு வயதுப் பிள்ளை சுமார் 100 சென்டிமீட்டர் இருக்கும். ஆறு வயதில் 115 ஒட்டி, ஏழு வயதில் 120 ஒட்டி. பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைப் பூங்காவின் அகப்பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். "நீ சின்னப் பிள்ளை, பயப்படுவே, அதான் விடமாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். இருக்கையின் பிடிமானம் ஓர் அளவு உடம்புக்கென்று செய்யப்பட்டது, அதைவிடச் சின்ன உடம்பை அது இறுக்கிப் பிடிக்காது. இதை முதல் நாள் இரவே சொன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. வரிசையின் முடிவில் சொன்னால் நமக்கே புரியாது.

எட்டு மணி நேரக் கணக்கு

லெகோலாண்டு திறந்தது 2012 செப்டம்பர் 15-ஆம் தேதி. ஆசியாவில் முதலாவது, உலகத்தில் ஆறாவது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1968-இல் முதல் பூங்கா. அந்த ஊரில்தான் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த 1932-இல், மர விளையாட்டுப் பொருள்கள் செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்ற பொருள் தரும் டேனிஷ் சொற்களைச் சுருக்கித்தான் லெகோ என்ற பெயர்.

நம் பூங்காவில் விளையாட்டு, காட்சி, நிகழ்ச்சி எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல். காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருப்பது வழக்கம், சில நாள்களில் மாறும். எட்டு மணி நேரத்தில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஒன்றரை மணி கழியுங்கள். மூன்று பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப் போக ஒரு மணி. மழைக்கு ஒரு மணி. மிச்சம் நாலரை மணி. ஒரு விளையாட்டுக்கு வரிசையும் நடையும் சேர்த்து அரை மணி என்றால், ஒன்பதுதான் தேறும். அதுவும் யாரும் அழாமல், யாரும் சண்டை போடாமல் இருந்தால்.

அதனால் ஆளுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் குடும்பம் என்றால் ஐந்து. அப்பாவுக்கும் ஒன்று, அம்மாவுக்கும் ஒன்று. அந்த ஐந்தும் கிடைத்துவிட்டால் அன்றைய நாள் வெற்றி. மற்றதெல்லாம் கொசுறு.

சின்னப் பிள்ளைகளுக்கு வேகமான வண்டியைவிடத் தானே ஓட்டுகிற வண்டிதான் பிடிக்கும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு ஒரு குட்டி ஓட்டுநர் பள்ளி, ஆறு வயதுக்கு மேல் வேறொன்று என்று வைத்திருக்கிறார்கள். ஆளில்லா நேரத்தில் அங்கே போவது நல்லது. வாசலில் நுழைந்ததும் எல்லாரும் முதலில் கண்ணில் படுவதற்கு ஓடுவார்கள். நீங்கள் உள்ளே கடைசிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வாருங்கள்.

மினிலாண்டை வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள். தாஜ்மஹால், அங்கோர்வாட், நம் இரட்டைக் கோபுரம் எல்லாம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டைகளால் கட்டியிருக்கிறார்கள். இரட்டைக் கோபுரம் மட்டும் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். நிழல் குறைவான திறந்தவெளி. உச்சி வெயிலில் கைப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு நின்றால் கோபுரத்தைப் பார்க்கத் தோன்றாது, தண்ணீர்க் கடையைத்தான் தேடத் தோன்றும்.

மழையும் வெயிலும்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஏப்ரல், மே, அக்டோபரில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு மழை. மின்னல் அபாயம் என்றால் வெளியில் ஓடுகிற விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே கூரையில்லாத விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளரங்கத்தில் இருப்பதை மதியத்துக்கு ஒதுக்குங்கள். ஐந்து வெள்ளி மழைச்சட்டையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே கொடுக்க வேண்டும். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறார்களா, குழந்தை உணவுக்கு விலக்கு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வயிறு நிறையப் பசியாறிவிட்டுக் கிளம்பினால் உள்ளே பாதிச் செலவு மிச்சம். எங்கள் ஊரில் ஏழு மணிக்கே ரொட்டி சானாய் கிடைக்கும்.

நீர்ப்பூங்கா தனி. 2013-இல் திறந்தது. இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரே நாளில் இரண்டும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து வாங்கினால் மலிவு என்று தோன்றும். பயன்படுத்தாத சீட்டு எந்த விலைக்கும் மலிவு அல்ல. மலேசியர்களுக்கென்று அவ்வப்போது சலுகை வரும், இணையத்தில் முன்பதிவு செய்தால் விலை குறையும். கைக்குழந்தைக்குக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். "பக்கத்துலதானே" என்று மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஏழு நிமிடம்

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு பேரங்காடியில், மகன் மூன்று வயதில் என் கையை விட்டுவிட்டான். நான் கைப்பேசியில் ஒரு செய்திக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. ஏழு நிமிடம். ஒரு பொம்மைக் கடையின் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், அவன் பயப்படவே இல்லை. பாதுகாவலர் என்னிடம், "பையன் என்ன நிறச் சட்டை?" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் நான்தான் போட்டுவிட்டேன். ஆனாலும் நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பழக்கம்: கூட்டமான இடத்துக்குப் போனால், வாசலிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தலை முதல் கால் வரை ஒரு படம். கைமணிக்கட்டில் பேனாவால் தொலைபேசி எண். காணாமல் போனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்டவரிடம் மட்டும் போக வேண்டும் என்று பாடம். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பெரியவர் பொறுப்பு என்பதைப் பேர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "ரெண்டு பேரும் பாத்துக்குவோம்" என்றால் ரெண்டு பேருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பதினொரு வருட ஞாயிறு

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு அந்தச் சகோதரி கேட்டார்: "ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்குமேக்கா?"

இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. 2014 முதல் 2024 முடியும் வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். பிள்ளைக்கு விடுமுறையான வெள்ளியன்று அப்பா துவாஸிலோ ஜூரோங்கிலோ. பதினொரு வருடம், எத்தனையோ குடும்பங்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறு வேறு நாள்காட்டியில் வாழ்ந்தன. 2025 ஜனவரி 1 முதல்தான் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. இப்போது ஞாயிறு எல்லாருக்கும் ஞாயிறு. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதனால்தான் கூட்டம்.

"ஒரு நாள் லீவு போட்டு வேல நாள்ல போனா வரிச குறையும். ஆனா ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும்ல? ஞாயித்துக்கெழமயே போங்க," என்றேன். "ஆனா ஒண்ணு. அவரப் பை தூக்க வெச்சுறாதீங்க."

நாம் பெண்கள் செய்கிற தப்பு அது. திட்டம் முழுவதும் நம் தலையில் இருக்கும். சாப்பாடு, மாற்றுத் துணி, மருந்து, சீட்டு எல்லாம் நம் கையில். ஆறு நாள் உழைத்துவிட்டு வந்த மனிதர் எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வருவார். படம் எடுப்பார். வரிசையில் இடம் பிடிப்பார். பிள்ளையோடு விளையாட்டில் ஏறுவது அம்மாவாகத்தான் இருக்கும். அன்றைக்கும் பிள்ளை அப்பாவைத் தூரத்திலிருந்துதான் பார்க்கும்.

"ஒரு மணி நேரம் கடைக்குட்டியத் தூக்கிக்கிட்டு நீங்க ஒரு பக்கம் ஒக்காந்துருங்க. பெரிய பிள்ளைங்க ரெண்டு பேரையும் அவர்கிட்ட குடுத்துருங்க. எங்க போனாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்காதீங்க. ரெண்டு மூணு மணிக்கு எல்லாரும் களைச்சுட்டாங்கன்னா வீட்டுக்குக் கெளம்பிருங்க. காசு குடுத்திருக்கோமேன்னு ஆறு மணி வரைக்கும் இழுக்காதீங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிக்கா," என்றார்.

தோட்ட லாரி

அன்று முழுவதும் எனக்கு என் அப்பா நினைவு. இன்று இஸ்கண்டார் புத்ரி என்று அழைக்கப்படுகிற இந்த வட்டாரம், நூசாஜெயா என்று பெயர் வருவதற்கு முன் பெரும்பாலும் ரப்பரும் செம்பனையும்தான். அப்பா பால்மரம் வெட்டினார். விடியற்காலையில் கிளம்புவார், மதியம் தூங்குவார். துவாஸ் மோட்டார்காரரின் வாழ்க்கை அவருடையதைவிட அதிகம் மாறவில்லை, இடையில் பாலம் மட்டும் 1998-இல் வந்திருக்கிறது.

சுபாங்கிலுள்ள சன்வே லகூன் பழைய ஈயச் சுரங்கக் குழியில், 1993-இல் திறந்தது. நம் தாத்தாக்கள் வேலை பார்த்த மாதிரியான இடங்களில்தான் இன்று நம் பிள்ளைகள் சீட்டு வாங்கி விளையாடுகிறார்கள். இதில் வருத்தப்படவும் ஏதோ இருக்கிறது, சந்தோஷப்படவும் ஏதோ இருக்கிறது. எதுவென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அப்பா எங்களை உல்லாசப் பயணம் என்று கூட்டிப் போனது ஒரே முறை. தோட்ட லாரியில், நாலைந்து குடும்பத்தோடு, பொந்தியான் கடற்கரைக்கு. புளிச்சோறும் அவித்த முட்டையும். அங்கே விளையாட என்ன இருந்தது? சேறும் நண்டும். அப்பா கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு நண்டு வளையைக் காட்டினார். அது வெளியே வரும் வரை இரண்டு பேரும் குனிந்தபடியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா தூங்காமல் இருந்த ஒரு பகல் என்று எனக்கு நினைவிருப்பது அதுதான்.

பூங்காவுக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பொந்தியான் கடற்கரை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் அந்தப் பக்கம்தான். பண்டாஸ் கடலோரம் மாலையில் போய் உட்கார்ந்தால் போதும், படகு வருவதைப் பார்க்கலாம்.

ஆனால் 'அடுத்த வருஷம் போகலாம்' என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். புத்ரி ஹார்பரில் 2012-இல் ஹலோ கிட்டி பூங்கா ஒன்று திறந்தார்கள். என் அக்கா மகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருந்தோம். 2019 கடைசியோடு அதை மூடிவிட்டார்கள். அதற்குள் அவளுக்கும் அந்தப் பூனை பிடிக்காமல் போயிருந்தது.

பிறகு வந்த செய்தி

மூன்று வாரம் கழித்து அந்தச் சகோதரியிடமிருந்து குரல் செய்தி. போய்வந்துவிட்டார்கள். அவர் ஆசைப்பட்ட மாதிரி எதுவும் நடக்கவில்லையாம். மதியம் ஒரு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. தேர்ந்தெடுத்த ஐந்தில் மூன்றுதான் கிடைத்தது. மூத்தவளுக்குக் கோபம். இவருக்கு அழுகையே வந்துவிட்டதாம், ஒரு வருடச் சீட்டுப் பணம்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கட்டைகள் கொட்டிக் கிடந்த மேசை ஒன்று. நான் சொன்னது நினைவுக்கு வந்து, கடைக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு இவர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார். எட்டுப் புள்ளிக் கட்டை ஆறு இருந்தால் 91 கோடிக்கும் அதிகமான விதத்தில் பொருத்தலாம் என்று கணிதக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கணவரும் ஐந்து வயதுப் பையனும் பொருத்தினது ஒரே ஒரு விதத்தில். சக்கரம் இரண்டு, கைப்பிடி ஒன்று, அதன்மேல் ஒரு சின்ன மனிதன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம்.

பையன் அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடி வந்திருக்கிறான். "அம்மா, இது அப்பா. வேலைக்குப் போறாரு."

கட்டையை வீட்டுக்கு எடுத்து வர முடியாது, மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மழை விட்டதும் நேரே வீடு. காரில் மூன்று பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் விழித்திருந்து ஓட்டி வந்தாராம்.

"நடுப்பையன் மறுநாள் பள்ளிக்கூடத்துல புதுசா ஒரு படம் வரைஞ்சிருக்கான்க்கா," என்று முடித்திருந்தார். என்ன வரைந்தான் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வாரம் அவ்வளவுதான் சொந்தங்களே. எனக்கும் நாளைக் காலை நாலு மணிக்கு அலாரம். அதற்கு முன் என் மகளின் உயரத்தை அளக்க வேண்டும். சுவரில் பழைய கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது.

அடுத்த வாரம் பார்ப்போம்.